தேயாமல் நின்றவை: கிழக்குத் தொடர்ச்சி மலைகள் ஏன் துண்டு துண்டாக இருக்கின்றன?

சென்னையிலிருந்து ரயிலில் சேலம் போகிறவர்களுக்கு ஆம்பூர் பக்கம் வந்ததும் மலைகள் தென்படும். முதலில் ஜவ்வாது மலை. ஜோலார்பேட்டை அருகே ஏலகிரி. மொரப்பூர், பொம்மிடி தாண்டினால் சேர்வராயன். எல்லாம் தனித்தனி மலைகள். ஒன்று முடிந்ததும் சில கிலோமீட்டருக்குச் சமவெளி. அதில் நெல், கரும்பு, தென்னை. பிறகு இன்னொரு மலை. சேலத்தைத் தாண்டிப் போனாலும் கல்வராயன், கொல்லிமலை, பச்சைமலை, திண்டுக்கல் பக்கத்துச் சிறுமலை என்று இதே ஒழுங்குதான்.

பள்ளிப் பாடத்தில் இதை ஒரே வரியில் படித்திருப்போம்: மேற்குத் தொடர்ச்சி மலை தொடர்ச்சியானது, கிழக்குத் தொடர்ச்சி மலை தொடர்ச்சியற்றது. ஏன் அப்படி என்று பாடம் சொல்லவில்லை. அதோடு இன்னொரு புதிரும் சேர்ந்திருக்கிறது. காவிரி குடகில் பிறக்கிறது. கிருஷ்ணா மகாபலேஸ்வரத்தில், கோதாவரி நாசிக் அருகே திரியம்பகத்தில். மூன்றும் அரபிக்கடலுக்குப் பக்கத்திலேயே பிறந்தும் அதைப் பார்க்காமல், தீபகற்பம் முழுவதையும் கடந்து, கிழக்கு மலைகளின் குறுக்கே வெட்டிக்கொண்டு வங்கக் கடலுக்குப் போகின்றன. தண்ணீர் மேட்டைச் சுற்றிப் போவதுதானே இயல்பு? மலையை எப்படிக் கடந்தது?

இந்த இரண்டு கேள்விகளுக்கும் விடை ஒன்றே. அது மலை என்றால் என்ன என்பதைப் பற்றிய நம் எண்ணத்தையே கொஞ்சம் மாற்றிவிடுகிறது.

ஒரு பெயருக்குள் மூன்று வரலாறுகள்

ஒடிசாவில் மகாநதிப் பகுதியில் தொடங்கி ஆந்திரம், தெலங்கானா வழியாகத் தமிழ்நாட்டில் வைகை வரை வரும் மலைகளைச் சேர்த்துக் கிழக்குத் தொடர்ச்சி மலை என்கிறோம். பெயர் ஒன்றாக இருந்தாலும் பாறைகளின் பிறப்பு வேறு வேறு.

வடக்கே, ஒடிசாவிலும் வட ஆந்திரத்திலும் உள்ள பாறைகள் ஏறத்தாழ 100 கோடி ஆண்டுகளுக்கு முன் இரண்டு நிலப்பரப்புகள் மோதியதில் உருமாறியவை. மோதிய மறுபக்கம் இன்று கிழக்கு அண்டார்க்டிகாவில் இருக்கிறது. அங்குள்ள பாறைகளின் வகையும் வயதும் இங்குள்ளவற்றோடு பொருந்துகின்றன. இரண்டும் பிரிந்து விலகியது சுமார் 13 கோடி ஆண்டுகளுக்கு முன்புதான். கோனார்க் சூரியன் கோயிலைக் கட்டப் பயன்பட்ட கோண்டலைட் என்ற கல் இந்த வடபகுதிக்கு உரியது.

நடுவே நல்லமலை, வெலிகொண்டா, சேஷாசலம். இவை ஆழமற்ற பழங்கடலில் மணலும் சேறும் படிந்து இறுகிய பாறைகள். இந்தக் கடப்பைப் படுகையில் படிவு தொடங்கியது 190 கோடி ஆண்டுகளுக்கு முன். திருமலைக்கு ஏறும் மலைப்பாதையில், மிகப் பழைய கருங்கல்லின் மேல் இந்தப் படிவப் பாறை உட்கார்ந்திருக்கும் இடத்தைக் கண்ணாலேயே பார்க்கலாம். அந்த இடம் தேசியப் புவியியல் நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்டிருக்கிறது.

தெற்கே, தமிழ்நாட்டில், சேர்வராயன், கொல்லிமலை, கல்வராயன், ஜவ்வாது ஆகியவற்றின் பாறைகள் எல்லாவற்றையும்விடப் பழையவை. சுமார் 250 கோடி ஆண்டுகள்.

ஆகவே ஒரு காலத்தில் முழுசாக இருந்த ஒரு மலைத்தொடர் பின்னாளில் உடைந்து துண்டானது என்று நினைத்தால் தவறு. வேறு வேறு காலத்தில், வேறு வேறு வழியில் உருவான பாறைப் பகுதிகள் இன்று ஒரே வரிசையில் உயர்ந்து நிற்கின்றன. அவற்றை உயர்ந்து நிற்க வைத்தது எது என்பதே சரியான கேள்வி. அதற்குத் தமிழ்நாட்டுத் துண்டை எடுத்துக்கொள்வோம்.

பல்லாவரத்துக் கல் சொன்ன சேதி

கொல்கத்தாவில் புனித ஜான் தேவாலயத்தில் ஜாப் சார்னாக்கின் கல்லறை இருக்கிறது. கிழக்கிந்தியக் கம்பெனியின் அதிகாரியான அவர் 1693-ல் இறந்தார். கல்லறைக்கான கல் சென்னைப் பகுதியிலிருந்து கொண்டுபோகப்பட்டது. இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த தாமஸ் ஹாலண்ட் 1893-ல் அது பல்லாவரம், பரங்கிமலைக் குன்றுகளில் கிடைக்கும் அதே கல் என்று கண்டு, அந்தப் பாறை வகைக்கு சார்னோகைட் என்று பெயர் வைத்தார். இன்று இலங்கை, அண்டார்க்டிகா, நார்வே, பிரேசில் என எங்கே இந்தப் பாறை கிடைத்தாலும் அதற்கு இந்தப் பெயர்தான். நம்மூர்க் கட்டடங்களிலும் சாலைகளிலும் ஜல்லியாகக் கொட்டப்படும் நீலச் சாயல் கொண்ட கருங்கல் பெரும்பாலும் இதுவே. சேர்வராயனும் கொல்லிமலையும் பெரும்பகுதி இந்தக் கல்லால் ஆனவை.

இந்தக் கல்லில் ஹைப்பர்ஸ்தீன் என்ற கனிமம் இருக்கும். பல இடங்களில் கார்னெட்டும் சேர்ந்திருக்கும். ஒரு பாறைக்குள் எந்தக் கனிமம் உருவாகும் என்பதை வெப்பமும் அழுத்தமும் தீர்மானிக்கின்றன. இதை ஊகிக்க வேண்டியதில்லை. அதே வேதிக் கலவையை ஆய்வகத்தில் சூடேற்றி, அழுத்தி, எந்த நிலையில் எந்தக் கனிமம் தோன்றுகிறது என்று பார்த்து அட்டவணைகள் தயாரித்திருக்கிறார்கள். அவற்றோடு நம் மலைக் கல்லை ஒப்பிட்டால் விடை திகைக்க வைக்கிறது: வெப்பம் 700 டிகிரி செல்சியசுக்கு மேல், அழுத்தம், தலைக்கு மேல் 20 கிலோமீட்டருக்கும் அதிகமான பாறை இருந்தால் மட்டுமே கிடைக்கக்கூடிய அளவு.

ஏற்காட்டில் பேருந்தை விட்டு இறங்கி நாம் காலை வைக்கும் பாறை, ஒரு காலத்தில் 20 கிலோமீட்டர் ஆழத்தில் இருந்தது. அதன் மேல் இருந்த அத்தனையும் போய்விட்டது.

சுமை குறைந்தால் நிலம் எழும்

மேலே இருந்தவை மழையிலும் வெயிலிலும் சிதைந்து, ஆற்றோடு அடித்துச் செல்லப்பட்டன. அதற்கு அரிப்பு என்று பெயர். ஆனால் வெறும் அரிப்பு மேட்டைத் தரைமட்டமாக்கும், அதோடு நின்றுவிடும். 20 கிலோமீட்டர் ஆழத்துப் பாறையை அது எப்படி மேலே கொண்டுவரும்?

ஒகேனக்கல்லில் பரிசலில் போனவர்களுக்கு இது புரியும். ஆள் நிறைய ஏறினால் பரிசல் தாழும். அக்கரையில் ஒவ்வொருவராக இறங்க இறங்க, தண்ணீருக்குள் மூழ்கியிருந்த அடிப்பாகம் கொஞ்சம் கொஞ்சமாக மேலே வரும். பூமியின் மேலோடும் இப்படித்தான். அது தனக்குக் கீழே உள்ள, தன்னைவிட அடர்த்தியான, மிக மிக மெதுவாக இளகி நகரக்கூடிய மூடகத்தின் மேல் மிதக்கிறது. மேலே சுமை குறைந்தால் கீழேயிருந்து எழும்பும். இதைப் புவிச் சமநிலை என்கிறார்கள். மேலோட்டில் 1,000 மீட்டர் பாறை அரிபட்டுப் போனால், நிலம் ஏறக்குறைய 800 மீட்டர் எழுந்து ஈடுகட்டும். நிகரமாகக் குறையும் உயரம் 200 மீட்டர் அளவுதான். இப்படி அரிப்பும் எழுச்சியும் மாறி மாறி நடந்தால், ஆழத்துப் பாறை வெளிச்சத்துக்கு வந்தே தீரும்.

இந்தக் கருத்து பிறந்ததும் இந்திய மண்ணில் எடுத்த அளவுகளிலிருந்துதான். 1802-ல் வில்லியம் லாம்டன் பரங்கிமலை அருகே ஒரு அடிக்கோட்டை அளந்து பெரும் முக்கோண அளவீட்டைத் தொடங்கினார். அந்தப் பணி பின்னர் ஜார்ஜ் எவரெஸ்ட் தலைமையில் வடக்கே இமயம் வரை போனது. மத்திய இந்தியாவில் கல்யாண்பூர், இமயத்துக்கு அருகே கல்யாணா என்ற இரு இடங்களுக்கு இடையிலான தொலைவை நிலத்தை அளந்து கணக்கிட்டபோது ஒரு விடை வந்தது. விண்மீன்களைப் பார்த்து அட்சரேகைகளைக் கணக்கிட்டபோது வேறு விடை வந்தது. வேறுபாடு சுமார் 5 வினாடிக் கோணம். தரையில் ஏறத்தாழ 160 மீட்டர்.

இமயம் தன் ஈர்ப்பால் செங்குத்துத் திசையைக் காட்டும் தூக்குக்குண்டைத் தன் பக்கம் இழுக்கிறது, அதனால்தான் இந்தப் பிழை என்று கொல்கத்தாவில் பாதிரியாராக இருந்த ஜான் பிராட் கருதினார். கணக்குப் போட்டுப் பார்த்தால், அவ்வளவு பெரிய மலை இழுக்க வேண்டிய அளவில் மூன்றில் ஒரு பங்குதான் இழுத்திருந்தது. 1855-ல் வானியலாளர் ஜார்ஜ் ஏரி விளக்கம் தந்தார்: மலைக்குக் கீழே அடர்த்தி குறைந்த பாறை வேர் விட்டதுபோல ஆழமாக இறங்கியிருக்கிறது, அதனால் மொத்த ஈர்ப்பு குறைகிறது. பிற்காலத்தில் நிலநடுக்க அலைகள் பூமிக்குள் பயணம் செய்யும் விதத்தை ஆராய்ந்து, மலைகளுக்குக் கீழே மேலோடு தடித்திருப்பதை நேரடியாகவே உறுதி செய்தார்கள்.

தமிழ்நாட்டுக்கு அடியில் மேலோடு இன்னும் ஏறக்குறைய 40 கிலோமீட்டர் தடிமன் கொண்டிருக்கிறது. மேலே போன 20 கிலோமீட்டரையும் அதோடு சேர்த்துப் பாருங்கள். சேலமும் தர்மபுரியும் இருக்கும் இடத்தில் 250 கோடி ஆண்டுகளுக்கு முன் இன்றைய திபெத்தை ஒத்த தடித்த மேலோடு இருந்திருக்க வேண்டும்.

கல்லின் வயது வேறு, மலையின் வயது வேறு

250 கோடி என்று இவ்வளவு உறுதியாகச் சொல்ல முடிவது சிர்கான் என்ற சிறு படிகத்தால். இது உருவாகும்போது யுரேனியத்தைத் தனக்குள் ஏற்றுக்கொள்ளும், காரீயத்தை ஒதுக்கிவிடும். உள்ளே அடைபட்ட யுரேனியம் நமக்குத் தெரிந்த, மாறாத வேகத்தில் காரீயமாக மாறும். ஆகவே இன்று ஒரு சிர்கான் படிகத்தில் காணப்படும் காரீயம் அங்கேயே பிறந்தது. எவ்வளவு யுரேனியம் மிச்சம், எவ்வளவு காரீயம் சேர்ந்திருக்கிறது என்று அளந்தால் வயது கிடைத்துவிடும்.

இங்கே ஒரு தெளிவு வேண்டும். சேர்வராயன் மலை 250 கோடி ஆண்டுப் பழைமையானது என்று அடிக்கடி எழுதுகிறார்கள். அது கல்லின் வயது. அந்தக் கல் ஆழத்தில் கிடந்தபோது மலை என்ற வடிவமே இல்லை. கல் மேலே வந்து, சுற்றியுள்ள நிலம் தாழ்ந்து, அது மட்டும் உயர்ந்து நின்றபோதுதான் மலை பிறந்தது. அது மிகப் பிந்திய நிகழ்ச்சி.

எவ்வளவு மெதுவாக நிலம் தேய்கிறது என்பதையும் அளக்க முடிகிறது. விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்கள் தரையின் மேற்பரப்பில் உள்ள குவார்ட்சில் பெரிலியம்-10 என்ற அரிய அணுவை உண்டாக்குகின்றன. மேற்பரப்பில் நெடுங்காலம் கிடந்த மணலில் அது அதிகம் இருக்கும். வேகமாக அரிபட்டு வந்த மணலில் குறைவாக இருக்கும். ஆற்று மணலில் அதை எண்ணி, அந்த ஆறு வடியும் நிலம் தேயும் வேகத்தைக் கணக்கிடுகிறார்கள். தென்னிந்தியா போன்ற பழைய, அமைதியான நிலப்பரப்புகளில் பத்து லட்சம் ஆண்டுகளுக்குச் சில மீட்டரிலிருந்து சில பத்து மீட்டர் வரைதான் தேய்மானம்.

பத்து மீட்டர் என்றே வைத்துக்கொள்வோம். 250 கோடி ஆண்டுகளில் அது 25 கிலோமீட்டர். வேகம் எல்லாக் காலத்திலும் ஒரே சீராக இருந்திருக்காது. தொடக்கத்தில் வேகமாகவும் பிறகு மெதுவாகவும் நடந்திருக்கும். ஆனால் கனிமங்கள் காட்டும் ஆழத்தைத் தேய்த்துத் தீர்க்கக் காலம் போதும் என்பதை இந்த எளிய பெருக்கல் காட்டிவிடுகிறது.

எது எஞ்சியது, ஏன்?

எல்லாப் பாறையும் ஒரே வேகத்தில் தேய்வதில்லை. சார்னோகைட் இறுக்கமானது. நீர் மிகக் குறைவான சூழலில் உருவானதால் அதில் மைக்கா போன்ற, எளிதில் சிதையும் கனிமங்கள் குறைவு. பக்கத்துச் சமவெளிகளின் அடியில் பெரும்பாலும் இருக்கும் நைஸ் பாறையில் மைக்கா அதிகம். பட்டை பட்டையாக அமைந்திருப்பதால் தண்ணீர் புகுந்து சிதைப்பதும் எளிது. சேலம் பக்கத்துக் கஞ்சமலை நிற்பதற்கும் காரணம் இதுதான். அது இரும்புத் தாதும் குவார்ட்சும் அடுக்கடுக்காக அமைந்த கடினமான பாறை. இப்படிச் சுற்றுப்புறம் தேய்ந்து தாழ, தேயாமல் நின்ற பாறைத் திரளை எச்சமலை எனலாம்.

பாறை நொறுங்கிய இடங்கள் இன்னும் வேகமாகத் தாழ்ந்தன. சேலத்திலிருந்து ஆத்தூர் வழியாகக் கிழக்கே போகும் சாலை, வடக்கே கல்வராயனுக்கும் தெற்கே கொல்லிமலை, பச்சைமலைக்கும் நடுவே அகன்ற பள்ளத்தாக்கில் ஓடுகிறது. அந்தப் பள்ளத்தாக்கு சேலம்–ஆத்தூர் துணிப்பு மண்டலத்தை ஒட்டியது. பழங்காலத்தில் மேலோட்டின் இரு பகுதிகள் ஒன்றையொன்று உரசி நகர்ந்ததில் பாறை நசுங்கிப்போன நீளமான பட்டையைத் துணிப்பு மண்டலம் என்கிறார்கள். வசிஷ்ட நதி அந்தப் பலவீனத்தைப் பிடித்துக்கொண்டு ஓடுகிறது.

பழைய நிலம் எந்த உயரத்தில் இருந்தது என்பதற்கும் சாட்சி உண்டு. கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறிப் போனால் உச்சியில் கூர்மையான சிகரம் இருக்காது. நெல் வயலும் பலா மரமும் வாழைத் தோட்டமும் கொண்ட அலையலையான மேட்டுநிலம் விரிந்திருக்கும். ஏற்காட்டிலும் அப்படியே. இந்த மேட்டுநிலங்களில் பாக்சைட், அதாவது அலுமினியத் தாது கிடைக்கிறது. வெப்பமும் மழையும் மிகுந்த காலநிலையில், சரிவு குறைந்த நிலத்தில், நெடுங்காலம் தண்ணீர் ஊறி மற்ற பொருள்களைக் கரைத்துக்கொண்டுபோன பிறகு மிஞ்சுவதுதான் பாக்சைட். செங்குத்தான சரிவில் அது உண்டாகாது. ஆகவே இன்று தனித்து நிற்கும் இந்த உச்சிகள் ஒரு காலத்தில் பரந்த தாழ்நிலங்களின் பகுதிகள். மலை உச்சிதான் பழைய தரை. நாம் குடியிருக்கும் சமவெளி பிறகு தோண்டப்பட்டது.

பிளவுகளின் வழியே சில மலைகள் தனியாக உயர்த்தப்பட்டிருக்கலாம் என்று கருதும் புவியியலாளர்களும் உண்டு. எழுச்சிக்கு எவ்வளவு பங்கு, அரிப்புக்கு எவ்வளவு பங்கு என்ற விவாதம் நடக்கிறது. கடினமான பாறை நின்றது, மென்மையானது போனது என்பதில் பெரிய கருத்து வேறுபாடு இல்லை.

ஆறு மலையைக் கடந்தது எப்படி?

இப்போது ஆற்றின் புதிரும் அவிழ்கிறது. சுமார் 9 கோடி ஆண்டுகளுக்கு முன் மடகாஸ்கர் நம் மேற்குக் கரையிலிருந்து பிரிந்தது. பிரிந்த விளிம்பு உயர்ந்து நின்றது. தீபகற்பம் கிழக்கே சரிந்தது. மேற்கு மலைகள் நீளமான விளிம்பாக இருப்பதும், பெரும்பாலான ஆறுகள் கிழக்கே ஓடுவதும் இதன் விளைவு.

அந்த ஆறுகள் பாதை வகுத்த காலத்தில், குறுக்கே இன்றைய மலைகள் எழுந்து நிற்கவில்லை. நிலம் மேலே இருந்தது. ஆறு அதன்மேல் ஓடியது. பிறகு நிலம் தாழத் தாழ, ஆறும் தன் தடத்தை விடாமல் கீழே வெட்டிக்கொண்டே இறங்கியது. கடினப் பாறை குறுக்கிட்டபோது அதையும் அறுத்தது. இருபுறமும் பாறை மலையாக எஞ்சியது. ஆறு நடுவே நின்றது. மகாநதியின் சத்கோசியா, கோதாவரியின் பாபிகொண்டலு, கிருஷ்ணாவின் ஸ்ரீசைலம் ஆகிய பள்ளத்தாக்குகள் எல்லாம் இப்படி அறுபட்டவையே. ஒகேனக்கல்லுக்குக் கீழே காவிரி மலைகளுக்கு இடையே நெருக்கப்பட்டு ஓடி, வெளியே வரும் வாசலில் 1934-ல் மேட்டூர் அணையைக் கட்டி முடித்தார்கள். தென்பெண்ணையில் சாத்தனூர் அணையும் மலைகள் நெருங்கும் இடத்தில்தான் இருக்கிறது. அணைக்கு இடம் தேடிய பொறியாளர்களுக்கு இந்தப் பழைய வெட்டு வேலை உதவியது.

குள்ளமான மலை செய்யும் வேலை

மேற்கு மலைகளின் உச்சியான ஆனைமுடி 2,695 மீட்டர். சேர்வராயனின் உச்சி 1,600 மீட்டரை ஒட்டியது. உயரம் குறைவுதான், ஆனால் விளைவு பெரியது. காற்று ஒரு கிலோமீட்டர் மேலே போனால் சராசரியாக ஆறரை டிகிரி குளிர்கிறது. சேலம் 280 மீட்டர் உயரத்திலும் ஏற்காடு ஏறக்குறைய 1,500 மீட்டரிலும் இருப்பதால் இரண்டுக்கும் எட்டு டிகிரி வரை வித்தியாசம் வருகிறது. மேலேறிக் குளிரும் காற்று மேகமாகி, சமவெளியைவிட அதிக மழையைத் தருகிறது. மேற்கு மலைகள் தென்மேற்குப் பருவக்காற்றின் ஈரத்தில் பெரும்பங்கை முதலிலேயே வாங்கிக்கொள்கின்றன. கிழக்கு மலைகள் கோடை இடிமழையையும், மிச்சமாக வரும் தென்மேற்கு மழையையும், வடகிழக்குப் பருவமழையையும் சேர்த்து வாழ்கின்றன.

காடும் அதற்கேற்றபடி அடுக்காக அமைந்திருக்கிறது. அடிவாரத்தில் முட்புதர், சரிவில் கோடையில் இலையுதிர்க்கும் காடு, உச்சியின் ஈரமான மடிப்புகளில் பசுமை மாறாத சோலைத் துண்டுகள். ஜவ்வாதில் சந்தனம், ஆந்திரத்தின் சேஷாசலம், வெலிகொண்டா பக்கம் செம்மரம். செம்மரம் இயற்கையாக வளர்வது உலகத்திலேயே தென்பகுதிக் கிழக்கு மலைகளில்தான். தமிழ்நாட்டுப் பக்கத்து மலைகளில் மலையாளி என்று அழைக்கப்படும் பழங்குடி மக்கள் சாமையும் தினையும் கேழ்வரகும் பயிரிட்டு வாழ்கிறார்கள்.

வசிஷ்ட நதி, சுவேத நதி, திருமணிமுத்தாறு, சரபங்கா எல்லாம் இந்த மலைகளில் பிறப்பவை. இவற்றுக்குப் பனிமலை கிடையாது, ஆண்டு முழுதும் பெய்யும் மழையும் கிடையாது. மழைநீரைப் பிடித்து மெதுவாக விடுவது மலைமேல் உள்ள மண்ணும், அதைப் பிடித்திருக்கும் வேர்களும்தான். அடியில் இருப்பதோ நீர் புகாத கடினப் பாறை. சிதைந்த மேல் அடுக்கு போய்விட்டால், பெய்த மழை அன்றைக்கே வெள்ளமாக இறங்கிவிடும். கோடையில் அடிவாரக் கிணறுகளில் தண்ணீர் இருக்காது.

மேற்குத் தொடர்ச்சி மலைக்கு 2012-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியத் தகுதி கிடைத்தது. கிழக்கு மலைகள் துண்டு துண்டாக இருப்பதாலேயே கவனமும் துண்டாகிவிட்டது. ஜவ்வாதை மூன்று மாவட்டங்கள் பங்கிட்டுக்கொள்கின்றன, பச்சைமலையும் அப்படியே. ஒவ்வொரு மாவட்டத்துக்கும் மலை என்பது ஓரத்தில் இருக்கும் ஒரு மூலை. மலையை முழு நீர்ப்பிடிப்புப் பகுதியாகப் பார்த்து, எங்கே கல் உடைக்கலாம், எங்கே கூடாது, எந்தச் சரிவில் காடு மீள வேண்டும் என்று முடிவு செய்யும் ஏற்பாடு வேண்டும். அந்த மலைகளின் தண்ணீரைக் குடிக்கும் சேலம், நாமக்கல், தர்மபுரி, கள்ளக்குறிச்சி, திருவண்ணாமலை மக்கள்தான் அதைக் கேட்டு வாங்க வேண்டும்.

பத்து லட்சம் ஆண்டுக்குப் பத்து மீட்டர் என்ற அதே கணக்கில், பாறை சிதைந்து ஒரு சென்டிமீட்டர் மண்ணாக ஆயிரம் ஆண்டுகள் ஆகின்றன. ஒரு சாண் மண்ணுக்கு இருபதாயிரம் ஆண்டுகளுக்கு மேல். காடழிந்த சரிவில் அந்த மண்ணைக் கரைத்துக்கொண்டு போக ஒரு சில மழைக்காலம் போதும்.